லாவா பீடபூமியில் ஒரு குழி: ஆழமில்லாத களிமண்ணையும் அதன் அடியிலுள்ள கடினத்தட்டையும் கண்டறியும் முறை

கலிபோர்னியாவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது மோடாக் பீடபூமி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 முதல் 1,800 மீட்டர் உயரம். பல பத்து லட்சம் ஆண்டுகளாக எரிமலைக் குழம்பு வழிந்து வழிந்து உறைந்த பசால்ட் பாறைதான் அதன் தளம். அல்டூராஸ் என்ற சிற்றூருக்கு வடக்கே உள்ள 'டெவில்ஸ் கார்டன்' பகுதிக்குப் போனால், முழங்காலுக்கும் கீழே நிற்கும் சாம்பல் நிறப் புதர், இடையிடையே புல், எங்கு பார்த்தாலும் கல், அங்கங்கே ஜூனிபர் மரம் என்றுதான் தெரியும். மாடுகளும் காட்டுக் குதிரைகளும் மேயும் நிலம் இது.

இந்த நிலத்தை மேலிருந்து பார்த்து எடை போட்டால் ஏமாந்துவிடுவோம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு துண்டு நிலங்களில் ஒன்றில் புல் ஜூன் கடைசிவரை பச்சையாக இருக்கும். மற்றொன்றில் மே மாதமே காய்ந்துவிடும். இரண்டிலும் விழுவது ஒரே மழை, ஒரே பனி. வித்தியாசம் கீழே, பல இடங்களில் அரை மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. வேர் எந்த ஆழத்தில் நிற்கிறது, அதை நிறுத்துவது எது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் இங்கே விதை தூவுவதோ, மரத்தை வெட்டுவதோ, மாட்டை இறக்குவதோ கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். விடை கண்டுபிடிக்க ஒரு குழியும் அரை நாளும் போதும். மண் குழியே பார்த்திராதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

தோண்டுவதற்கு முன்

முதலில் அனுமதி. இந்தப் பீடபூமியின் பெரும்பகுதி மோடாக் தேசிய வனம் உள்ளிட்ட அரசு நிலம். தனியார் நிலமானால் உரிமையாளரையும் அரசு நிலமானால் உரிய அலுவலகத்தையும் கேட்காமல் மண்வெட்டியை எடுக்காதீர்கள். இன்னொன்றும் உண்டு. மோடாக், பிட் நதி என்ற பூர்வகுடி மக்கள் காலங்காலமாக வாழ்ந்த நிலம் இது. கருங்கண்ணாடி போலப் பளபளக்கும் அப்சிடியன் சில்லுகள் தரையில் சிதறிக் கிடந்தால், அவை அவர்கள் கருவி செதுக்கிய இடத்தின் தடயமாக இருக்கலாம். அரசு நிலத்தில் அத்தகைய இடங்களை 1979ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. எடுக்காமல், தோண்டாமல் வேறு இடம் பாருங்கள்.

அடுத்து வரைபடம். அமெரிக்க வேளாண் துறையின் 'வெப் சாயில் சர்வே' இணையதளத்தில் உங்கள் இடத்தின் மண் வகையை இலவசமாகப் பார்க்கலாம். கைபேசியில் 'சாயில்வெப்' செயலி இருந்தால் நிற்கும் இடத்திலேயே காட்டும். ஆனால் அதையே முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1:24,000 அளவு வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 240 மீட்டர். லாவா நிலத்திலோ பத்தடி நடந்தாலே மண் மாறிவிடும். எந்தெந்த மண் இருக்க வாய்ப்புண்டு என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: மண்வெட்டி, கடப்பாரை, சின்னச் சுத்தியல், அளவு நாடா, இரண்டு கண்ணாடி டம்ளர், நிறைய தண்ணீர், வெள்ளை வினிகர். ஆய்வாளர்கள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் வைத்திருப்பார்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. பழகும் காலத்தில் வினிகரே போதும், நுரை மட்டும் கொஞ்சம் மெதுவாக வரும்.

படி 1: செடியைக் கேளுங்கள்

செடி, மண்ணைப் பற்றி நமக்கு முன்பே தெரிந்துவைத்திருக்கும். குட்டை சேஜ்பிரஷ் என்ற புதர் பெரும்பாலும் அரை மீட்டரைத் தாண்டாது. பெரிய சேஜ்பிரஷ் ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். பெரியதற்கு ஆழமான, நீர் வடியும் மண் வேண்டும். குட்டையானது வசந்த காலத்தில் சில வாரம் தண்ணீர் தேங்கி நின்றாலும் தாங்கிக்கொள்ளும். அதனால் பெரிய புதர் சட்டென்று முடிந்து குட்டைப் புதர் தொடங்கும் கோடு தெரிந்தால், அந்தக் கோட்டின் கீழே மண்ணும் மாறுகிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

சில வேளை, பெரிய புதர் வளர முடியாமல் குன்றிப்போயும் நிற்கும். உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், நாற்பது ஐம்பது புதரையாவது பாருங்கள்.

இரண்டு குழி தோண்ட முடிந்தால் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று தோண்டுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் குட்டைப் புதர்ப் பக்கம்.

படி 2: தரையைப் பாருங்கள்

கோடையில் போனால் தரையில் வெடிப்பு இருக்கும். ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும் களிமண்ணின் அடையாளம் அது. கரிசல் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெடிப்பின் அகலத்தையும், ஒரு குச்சியை விட்டு அதன் ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மேலே கிடக்கும் கற்களில் பலவும் உறைபனியும் இந்த உப்பலும் சுருங்கலும் சேர்ந்து அடியிலிருந்து தள்ளிவிட்டவை. அதனால் மேலே கல் அதிகம் என்பதற்காக உள்ளேயும் அதே அளவு கல் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

படி 3: தோண்டுதல்

முக்கால் மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம் போதும். ஒரு பக்கச் சுவரை, வெயில் நேராக விழும் பக்கத்தை, மிதிக்காமல் செங்குத்தாக விடுங்கள். அதைத்தான் படிக்கப்போகிறோம். மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் குவியுங்கள், மூடும்போது அதே வரிசையில் போட வேண்டும்.

பல இடங்களில் முதல் 5 முதல் 15 சென்டிமீட்டர் வரை லேசான, பொலபொலப்பான மண் வரும். அப்புறம் சட்டென்று களி. மண்வெட்டியின் சத்தமே மாறும். காய்ந்த களி செங்கல் போலக் கட்டி கட்டியாகப் பெயரும். இங்கேதான் நிறையப் பேர் 'கடினத்தட்டு (சிமெண்ட் போல ஒட்டி இறுகிய அடுக்கு) வந்துவிட்டது' என்று நிறுத்திவிடுகிறார்கள். நானும் முதல் குழியில் அப்படித்தான் நிறுத்தினேன். அது வெறும் காய்ந்த களிதான் என்று பிறகு தெரிந்து மறுபடி தோண்ட வேண்டியதாயிற்று. கடப்பாரை உண்மையிலேயே துள்ளித் திரும்பும்வரை போங்கள். அந்த இடத்தில் நாடாவை வைத்து ஆழத்தை எழுதுங்கள். 25 சென்டிமீட்டருக்குள் என்றால் மிக ஆழங்குறைந்த மண். 25 முதல் 50 வரை ஆழங்குறைந்த மண். வகைப்பாட்டின் கணக்கு அதுதான்.

ஒரே குழியை நம்பாதீர்கள். சுற்றி பத்து மீட்டருக்குள் ஐந்தாறு இடத்தில் கடப்பாரையை இறக்கிப் பாருங்கள். புதைந்த ஒற்றைக் கல் ஒன்று மொத்தக் கணக்கையும் கெடுத்துவிடும்.

படி 4: கையால் களியை அறிதல்

ஒரு கோலிக்குண்டு அளவு மண்ணை எடுத்து, கல்லைப் பொறுக்கிவிட்டு, துளித்துளியாகத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். எரிமலைப் பொருளிலிருந்து வந்த மண் சிறு சிறு உருண்டைகளாகக் கட்டிக்கொண்டிருக்கும், அவசரப்பட்டால் மணல் போலத் தோன்றி ஏமாற்றும். இரண்டு மூன்று நிமிடம் விடாமல் பிசைந்தால் அதன் சுயரூபம் தெரியும். பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து நாடா போலத் தள்ளுங்கள். 2.5 சென்டிமீட்டருக்கு முன் ஒடிந்தால் களி குறைவு. 5 சென்டிமீட்டருக்கு மேல் ஒடியாமல் நீண்டால் அது களிமண்ணேதான், அதாவது எடையில் 40 சதவீதத்துக்குக் குறையாத களி.

படி 5: அடியில் நிறுத்துவது எது?

இந்த வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது. வேரைத் தடுப்பவை மூன்று: இறுகிய களி அடுக்கு, சிலிக்காவால் (மணலிலும் கண்ணாடியிலும் இருக்கும் பொருள்) ஒட்டிய கடினத்தட்டு, பசால்ட் பாறை. மூன்றும் கடப்பாரைக்கு ஒரே மாதிரி தோன்றலாம். நிலத்துக்கு அவை முற்றிலும் வேறு.

சிலிக்காத் தட்டு எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் அடையாளம் காண்பது எளிது. எரிமலைச் சாம்பலில் கண்ணாடித் துகள்கள் நிறைய உண்டு. மழையும் உருகும் பனியும் அவற்றைச் சிறிது சிறிதாகக் கரைத்து, சிலிக்காவைக் கீழே எடுத்துச் செல்கின்றன. இந்தப் பகுதியில் ஈரம் வருவதெல்லாம் பெரும்பாலும் குளிர்காலத்திலும் வசந்தத்திலும்தான், கோடை வறண்டது. ஈரம் போய்ச் சேர்ந்த ஆழத்திலேயே கோடையில் அது காய்ந்துவிட, கரைந்து வந்த சிலிக்கா அங்கேயே படிந்து மண்ணைச் சிமெண்ட் போல ஒட்டிவிடுகிறது. பல்லாயிரக்கணக்கான குளிர்காலங்கள் இப்படிக் கடந்தால் ஒரு தட்டு. மண் அறிவியலில் இதற்கு 'டூரிபேன்' என்று பெயர்.

இப்போது சோதனை. தடுக்கும் அடுக்கிலிருந்து நெல்லிக்காய் அளவு துண்டுகள் நான்கைந்து எடுத்து நன்றாகக் காய விடுங்கள். ஈரத் துண்டில் இந்தச் சோதனை பலிக்காது. காய்ந்தபின் பாதியைத் தண்ணீர் டம்ளரில் போட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். தண்ணீரில் கரைந்து சேறாக உதிர்ந்தால், அது ஒட்டப்படாத மண், அதாவது வெறும் களி அடுக்கு. அசையாமல் கிடந்தால் ஏதோ ஒன்று அதை ஒட்டிப் பிடித்திருக்கிறது.

மீதியை வினிகரில் போடுங்கள். நுரைத்து நுரைத்து முழுதாக உதிர்ந்தால் ஒட்டியிருந்தது சுண்ணாம்பு. கொஞ்சம் நுரைத்தும் துண்டு உதிராமல் அப்படியே கிடந்தால் சிலிக்காவாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். சிலிக்காத் தட்டிலும் சுண்ணாம்பு ஓரளவு கலந்திருப்பது வழக்கம், அதனால் நுரையை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள், உதிர்கிறதா என்று பாருங்கள். வினிகர் வலுக்குறைந்தது, ஓர் இரவு விட்டுவைப்பது நல்லது. ஆய்வகத்தில் இதற்கு அடுத்துச் சூடான அடர் காரத்தில் போட்டு உறுதி செய்வார்கள். அதை வீட்டில் முயல வேண்டாம்.

பாறையைப் பிரித்தறியச் சுத்தியலே போதும். பசால்ட் கணீரென்று ஒலிக்கும். உடைந்த முகம் கருஞ்சாம்பலாக, பெரும்பாலும் சின்னச் சின்னக் குமிழித் துளைகளோடு இருக்கும். கடினத்தட்டின் ஒலி மந்தம். பழுப்பாகவோ வெளிறியோ, தகடு தகடாகப் பெயரும். தகட்டின் மேல்முகத்தில் வழவழப்பான மெல்லிய பூச்சு தெரிந்தால் அதுதான் படிந்த சிலிக்கா. பல இடங்களில் தட்டு பாறையின் மேலேயே உட்கார்ந்திருக்கும், அதனால் இரண்டும் ஒரே குழியில் கிடைத்தால் குழம்ப வேண்டாம்.

கடைசியாக வேரைப் பாருங்கள். வேர்கள் தட்டின் மேல் பாய் விரித்தாற்போலப் பக்கவாட்டில் பரவியிருந்தால் தட்டு முழுமையாக இருக்கிறது. விரிசல் வழியாக ஒன்றிரண்டு இறங்கியிருந்தால் அந்த விரிசல்கள் எவ்வளவு தூரத்துக்கு ஒன்று என்று அளந்து எழுதுங்கள். ஜூனிபர் பல இடங்களில் பிழைப்பது இத்தகைய விரிசல்களால்தான்.

படி 6: தண்ணீர்க் கணக்கு

தட்டுக்கு மேலுள்ள மண்தான் செடியின் தண்ணீர்த் தொட்டி. களிமண்ணில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுமார் 1.5 மில்லிமீட்டர் தண்ணீர் செடிக்குக் கிடைக்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். ஆழம் 40 சென்டிமீட்டர், அதில் கால்பங்கு கல். மிச்சம் 30 சென்டிமீட்டர் மண். 30 × 1.5 = 45 மில்லிமீட்டர். தொட்டி நிறைந்தபின் புல் நாளொன்றுக்கு 3 மில்லிமீட்டர் குடித்தால் 15 நாளில் காலி. 120 சென்டிமீட்டர் ஆழமும் கல்லில்லாத நல்ல வண்டல் கலந்த மண்ணும் இருக்கும் இடத்தில் அதே கணக்கு 180 மில்லிமீட்டருக்கும் மேல் வரும். பச்சையாக நிற்கும் நிலமும் காய்ந்த நிலமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது ஏன் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

தொட்டி சிறியது என்றால் மிச்ச மழை எங்கே போகும்? தட்டுக்கு மேலேயே தேங்கும். அதனால்தான் இந்த நிலம் ஏப்ரலில் சேறு, ஆகஸ்டில் கல். இரண்டுமே உண்மை.

இதை வைத்து என்ன செய்யலாம்?

சேறாக இருக்கும் வாரங்களில் மாட்டை இறக்க வேண்டாம். குளம்பு மிதித்த ஈரக்களி இறுகி, புல்லின் அடிக்கட்டையும் பிடுங்கிக்கொண்டு வரும். இடைவெளி விழுந்த இடத்தில் மெடுசாஹெட் என்ற அந்நியப் புல் நுழையும். களிமண்ணில் ஈரம் தங்கும் கடைசி நாட்களைப் பயன்படுத்தி, ஓராண்டே வாழும் மற்றப் புற்களுக்குப் பின் முற்றும் புல் அது. அதன் தாளில் சிலிக்கா அதிகம், மக்காமல் மெத்தைபோல் மூடி, நல்ல புல்லின் விதையை முளைக்க விடாது. ஒருமுறை பிடித்தால் விரட்டுவது பெரும்பாடு.

தட்டை உடைத்துவிடலாமே என்று கேட்பார்கள். கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் பழத்தோட்டம் வைக்க இதே வகைத் தட்டை வெடிவைத்தே உடைத்தார்கள். அங்கே பாசன நீர் இருந்தது, பழத்துக்கு விலை இருந்தது. இங்கே உடைத்தால் அடியில் பசால்ட், மேலே கல், கையில் மிஞ்சுவது கிளறிவிட்ட களி மட்டும். பல ஆண்டு வாழும் புல்லைக் காப்பாற்றுவதே இங்கே செய்யக்கூடிய நல்ல வேலை.

ஜூனிபரை வெட்டும் எண்ணம் இருந்தால் மரத்தின் வயதைப் பாருங்கள். இத்தகைய கல் நிலத்தில் புல் அடர்த்தி குறைவு, தீ பரவுவது அரிது, அதனால் மிகப் பழைய மரங்கள் தங்கியிருக்கும். தட்டையான உச்சி, முறுக்கிய தண்டு, ஆழமாகப் பிளந்த பட்டை கண்டால் அதை விட்டுவிடுங்கள்.

படி 7: மூடுதல், மீண்டும் வருதல்

அடிமண்ணை முதலில், மேல்மண்ணைக் கடைசியில் போட்டு, கற்களை இருந்த பக்கமே மேலாக வையுங்கள். இடத்தைக் கைபேசி வரைபடத்தில் குறித்துக்கொண்டு, பனி உருகிய ஏப்ரலில் ஒரே ஒரு முறை திரும்பி வாருங்கள். பழைய குழியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, கடினத்தட்டு வரை கையளவு அகலத் துளை ஒன்று போட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் ஊறி நின்றால் அது எத்தனை சென்டிமீட்டர் கீழே நிற்கிறது என்று அளந்து, படி 3இல் எழுதிய ஆழத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.