ஒகேனக்கல் இரைச்சலுக்கு என்ன நிறம்? ஆடாசிட்டியில் ஒலியைக் கண்ணால் பார்க்கலாம்

ஒகேனக்கல் பரிசல் துறையில் ஃபோனை நீட்டி ஒரு நிமிடம் பதிவு செய்தால் அருவியும் பரிசல்காரர் குரலும் சேர்ந்தே விழும். ஒலிப்பதிவைத் திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியில் திறந்தால் ஒரே நீலப் பட்டை. எது தண்ணீர், எது ஆள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் படத்துக்கு மாற்றினால் பிரிந்துவிடும். கீழே சொல்வதெல்லாம் ஆடாசிட்டி 3-க்கு.

1. கோப்பைத் திறப்பது. ஃபைல், இம்போர்ட், ஆடியோ. விண்டோஸில் எம்4ஏ பதிவு திறக்க மறுத்தால் எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருள் இல்லை என்று பொருள். அதை நிறுவுங்கள், அல்லது வேவ் ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

2. காட்சியை மாற்றுவது. டிராக்கின் இடப்பக்கம் உள்ள பெயரைச் சொடுக்கி, மெனுவில் ஸ்பெக்ட்ரோகிராம். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் அதிர்வெண், நிறம் என்பது ஒலியின் வலு. டிராக்கின் கீழ் விளிம்பைப் பிடித்து இழுத்து உயரமாக்குங்கள். குறுகிய டிராக்கில் ஒன்றும் விளங்காது.

அருவி இடைவெளியில்லாத திரை மாதிரி படர்ந்திருக்கும். குரல் மட்டும் அதன்மேல் ஏணிப்படி போல அடுக்கடுக்கான கோடுகளாக வளைந்து போகும்.

3. அமைப்புகள். அதே மெனுவில் ஸ்பெக்ட்ரோகிராம் செட்டிங்ஸ். குரலுக்கு அதிகபட்ச அதிர்வெண் 8000 போதும். கெயின் 20, ரேஞ்ச் 80 என்றிருக்கும். படம் இருட்டாக இருந்தால் கெயினை 30 அல்லது 40 ஆக்குங்கள்; எங்கும் வெளுத்துப்போனால் 10. ரேஞ்சை 60-க்குக் குறைத்தால் மெல்லிய இரைச்சல் மறைந்துவிடும். இவை படத்தைத்தான் மாற்றும், ஒலியை அல்ல. பயப்படாமல் திருகிப் பாருங்கள்.

4. விண்டோ சைஸ். ஒலியை எவ்வளவு நீளத் துண்டுகளாக வெட்டிப் பார்ப்பது என்பது. பலர் தொடாமல் விடுவது இதைத்தான், படம் கெடுவதும் பெரும்பாலும் இதனால்தான். 44100 ஹெர்ட்ஸ் பதிவில் 2048 என்றால் ஒவ்வொரு துண்டும் 46 மில்லிவினாடி, அதிர்வெண் படி 21.5 ஹெர்ட்ஸ். பம்பை மேளத்தின் அடியைப் பார்க்க இது பெரிசு, அடுத்தடுத்த அடிகள் ஒன்றோடொன்று கலங்கிவிடும். 512 வையுங்கள், துண்டு 11.6 மில்லிவினாடியாகி ஒவ்வோர் அடியும் நெட்டுக்குத்தாகத் தனித்து நிற்கும். ஆனால் படி 86 ஹெர்ட்ஸ் ஆகிவிடுவதால் சுருதிக்கோடு மங்கும். நாதஸ்வரத்துக்கு நேர்மாறாக 8192. நேரமும் சுருதியும் ஒருசேரத் துல்லியமாக வராது, எது வேண்டுமென்று முடிவு செய்துகொண்டு உட்காருங்கள்.

5. பிழையைக் கண்டுபிடிப்பது. மைக்செட் லைனிலிருந்து நேரே எடுத்த கூத்துப் பதிவில் "ஊம்" என்று ஒரு சத்தம் விடாமல் கேட்கும். ஸ்கேலை லாகரித்மிக், குறைந்தபட்சம் 20, அதிகபட்சம் 1000, விண்டோ 8192 என்று வையுங்கள். 50, 100, 150 ஹெர்ட்ஸில் கோடு போட்ட மாதிரி நேராக ஓடினால் அது கரண்ட் உறுமல். எஃபெக்டில், ஒரு அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரைத் திறந்தால் 60 என்று இருக்கும், அது அமெரிக்க மின்சாரக் கணக்கு. 50 என்று மாற்றி ஓட்டுங்கள், பிறகு 100, 150.

அடியே இல்லாத இடத்திலும் மேலிருந்து கீழ்வரை பளிச்சென்று கோடு விழுந்தால், ஒலி அளவு மீறி அதன் முனை வெட்டுப்பட்டிருக்கலாம். வேவ்ஃபார்முக்கு, அதாவது முதலில் பார்த்த நீலப் பட்டைக்குத் திரும்பி, வியூ மெனுவில் ஷோ கிளிப்பிங்கை இயக்குங்கள். சிவப்பு தெரிந்தால் நிறத்தை மாற்றிப் பயனில்லை. அடுத்த முறை ஃபோனைப் பம்பையிலிருந்து நாலடி தள்ளி வைக்க வேண்டியதுதான்.