கூட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் முதலில் கிணற்றைப் பாருங்கள்

போன கிழமை எங்கள் ஊரில் சில பிள்ளைகள் வெறுங்காணி ஒன்றைத் துப்புரவாக்கி, பத்து வீட்டுக்கு மரக்கறி விளைவிக்கப் புறப்பட்டார்கள். அவர்கள் கிணற்றடியில் மோட்டர் பூட்டுவதைப் பார்த்ததும் எனக்கு 2022 ஞாபகம் வந்துவிட்டது. இலங்கையில் மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற நெருக்கடி ஆண்டு அது. அரச ஊழியர்களுக்குப் பயிர் செய்யவென்று வெள்ளிக்கிழமை விடுமுறையே கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையிலும் எட்டு வீட்டார் சேர்ந்து இரண்டு பரப்பு, அதாவது ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு காணியில் இறங்கினோம்.

களை, பூச்சி பற்றி எல்லோரும் சொல்வார்கள். அதை விடுகிறேன். நாங்கள் விட்ட பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

கிணற்றை அடிமட்டும் இறைப்பது

மின்வெட்டுக் காலம். கரண்ட் வந்ததும் மோட்டரைப் போட்டு, அடி தெரியும்வரை இறைத்தோம். "தம்பி, இப்பிடி இறைக்காதேங்கோ" என்று பக்கத்து வீட்டு ஐயா சொன்னார். கேட்கவில்லை. ஒன்றரை மாதத்தில் மிளகாய் இலைகளின் ஓரம் கருகியது. பசளை போதவில்லை என்று நினைத்து இன்னும் எரு போட்டோம். பாத்தி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தபோதுதான் விளங்கியது, உப்பு. காணிக்காரர் வீட்டுத் தேத்தண்ணியும் கரித்தது. அவர்கள் குடிக்கிற கிணறே அதுதான். மாரி மழைக்கு ஊறும்வரை அந்த அம்மா பக்கத்து வீட்டிலிருந்து குடம் சுமந்தார். இன்றைக்கும் நினைத்தால் என்மேல் எனக்குக் கோபம் வரும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைநீர், கனமான கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே அந்த ஒரு அடி நிலையாகக் குறைந்தால், கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவரும்.

ஆகவே காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் இறையுங்கள். துலா மிதித்து ஆள்பலத்தில் இறைத்த காலத்தில் கிணறு ஊற நேரம் கிடைத்தது; மோட்டர் அந்த நேரத்தைக் கொடுக்காது. பாத்திக்குள் பனையோலை தாட்டு, மேலே வைக்கோல் பரப்பினால் ஈரம் நிற்கும், இறைப்பும் குறையும். கிழமைக்கு ஒருமுறை தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். கரித்தால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

கோடையில் நாற்று

வேண்டாம். அவசரமென்றால் மரவள்ளித் தடி ஊன்றுங்கள்.

பச்சைச் சாணம்

மக்காமல் போட்டால் வேர் கருகும்.

ஆள் முறை

நடும் அன்று எட்டு வீடும் வந்தது. ஐந்தாம் கிழமை இரண்டு வீடுதான். எந்த நாள் யார் முறை என்று எழுதிப் படலையில் தொங்கவிடுங்கள்.