அசாந்தே நாட்டைப் பற்றி எழுதுபவர்களும் அங்கே போகிறவர்களும் செய்யும் தவறுகள்

கானா நாட்டின் நடுவே, கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் உள்ளே, காட்டு நிலத்தில் இருக்கிறது குமாசி. அசாந்தே மக்களின் தலைநகர். இந்த வட்டாரத்தைப் பற்றிய கட்டுரைகளில் சில பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை, ஆங்கிலேயர் எழுதிவைத்த பெயரையும் பொருளையும் அப்படியே எடுத்துக்கொள்வதால் வருபவை.

முதல் குழப்பம் நாட்டின் பெயரிலேயே இருக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் வரும் பழைய கானாப் பேரரசு இன்றைய கானாவில் இருந்ததே இல்லை. அது வடமேற்கே வெகு தொலைவில், இன்றைய மௌரித்தானியாவின் தென்கிழக்கிலும் மாலியின் மேற்கிலும் பரவியிருந்தது. 1957 மார்ச் 6 அன்று விடுதலை பெற்ற 'தங்கக் கடற்கரை' என்ற பிரிட்டிஷ் காலனி அந்தப் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது. ஆகவே பழைய பேரரசின் பொன் வணிகத்தை விவரித்துவிட்டுப் பக்கத்தில் குமாசி அரண்மனைப் படத்தைப் போடுவது தவறு. 'தங்கக் கடற்கரை' என்பதும் நெடுங்காலம் கடலோரத்தை மட்டுமே குறித்தது. அசாந்தே நிலம் முறைப்படி பிரிட்டிஷ் ஆட்சிக்குள் வந்தது 1902 ஜனவரி 1 முதல்தான். இன்றைய அசாந்தி மாநிலத்தின் எல்லையைப் பழைய அரசின் எல்லையாக வரைபடத்தில் காட்டுவதும் கூடாது. உச்சத்தில் அந்த அரசு இன்றைய கானாவின் பெரும்பகுதியையும் ஐவரி கோஸ்ட்டின் ஒரு பகுதியையும் தன் பிடியில் வைத்திருந்தது.

பெயர்களை ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழாக்குவது அடுத்த தவறு. அசாந்தே மக்களின் மொழியை 'ட்வி' என்று எழுதுகிறோம். ஒலிப்பு 'ச்வி' என்பதற்கு நெருக்கமானது. டி, டபிள்யூ சேர்ந்து வந்தால் 'ஜ்வ', ஜி, ஒய் சேர்ந்தால் 'ஜ', எச், ஒய் சேர்ந்தால் 'ஷ'. என், ஒய் வரும் இடத்தில் நமக்குக் கவலையே இல்லை, 'ஞ' இருக்கிறது. 'ஜெ ஞாமே' ('கடவுளைத் தவிர') என்று நாம் எழுதினால் ஆங்கிலத்தைவிடச் சரியாகவே வரும். கோஃபி, குவாமே, குவாகு போன்றவை குடும்பப் பெயர்கள் அல்ல, பிறந்த கிழமையின் பெயர்கள். வெள்ளியில் பிறந்த ஆண் கோஃபி, பெண் அஃபுவா அல்லது அஃபியா. சனியில் பிறந்த ஆண் குவாமே, பெண் அமா. 1938-இல் குமாசியில் பிறந்த கோஃபி அன்னானைக் 'கோஃபி' என்று மட்டும் குறிப்பிட்டால், அது எத்தனையோ லட்சம் பேருக்குப் பொருந்தும்.

அசாந்தே மக்களின் புனிதமான பொன் மணையைத் தங்கச் சிம்மாசனம் என்று எழுதுவது மிகவும் வருத்தம் தரும் பிழை. சிம்மாசனம் என்றால் அரசர் அமர்வது. 'சிகா ஜ்வா கோஃபி' மீது யாரும் அமர்வதில்லை, அசாந்தேஹெனே எனப்படும் பேரரசரும்தான். 'வெள்ளியன்று பிறந்த பொன் மணை' என்பது பெயரின் பொருள். மனிதரைப் போல அதற்கும் கிழமைப் பெயர் உண்டு. அது தரையில் படக்கூடாது, அதற்கென்று தனி நாற்காலி இருக்கிறது. மக்கள் அனைவரின் உயிர் அதில் உறைவதாக நம்பிக்கை. 1900-இல் பிரிட்டிஷ் ஆளுநர் ஹாட்ஜ்சன் இதைத் தான் அமரும் இருக்கையாகக் கேட்டதும், எஜிசு என்ற ஊரின் யா அசாந்தேவா என்ற பெண்மணியின் தலைமையில் போர் மூண்டது. யா அசாந்தேவா செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு 1921-இல் அங்கேயே இறந்தார். 'மணை' என்ற நம் சொல் இருக்கும்போது சிம்மாசனத்தை இழுத்துவர வேண்டாம்.

யா அசாந்தேவாவை 'ராஜமாதா' என்று எழுதுபவர்களும் உண்டு. அவர் வகித்த ஒஹெமா என்பது தாய்வழிக் குலத்தின் மூத்த பெண்ணுக்குரிய பதவி. அந்தப் பதவியில் இருப்பவர் அரசரின் தாயாக இருக்கலாம், அக்காவாகவோ சித்தியாகவோகூட இருக்கலாம். வாரிசுரிமை தாய்வழியில் போவதால் அரசரின் மகன் பட்டத்துக்கு வருவதில்லை. உடன்பிறந்தவர்களிடமும் சகோதரியின் பிள்ளைகளிடமும் அது போகும்.

கென்டே துணி வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சந்தையில் கென்டே என்று விற்பதில் மிகுதியும் ஆலையில் அச்சிட்ட துணி. உண்மையான கென்டே குறுகிய தறியில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் அகலப் பட்டையாக நெய்யப்பட்டு, பட்டைகள் பக்கவாட்டில் சேர்த்துத் தைக்கப்படுவது. ஆண்கள் போர்த்தும் முழுத் துணிக்கு 24 பட்டை அளவில் தேவைப்படும். வாங்கும் முன் துணியைத் திருப்பிப் பாருங்கள். அச்சுத் துணியின் பின்பக்கம் வெளிறியிருக்கும், நெசவில் இருபுறமும் நிறம் நிற்கும். விரலை ஓட்டினால் ஒவ்வொரு பட்டைக்கும் இடையே தையல் தட்டுப்பட வேண்டும். கட்டங்கள் ஒரு பட்டையில் வரும் இடத்தில் அடுத்த பட்டையில் வெற்றுப் பகுதி வந்து சதுரங்கப் பலகைபோல மாறி மாறி அமைந்தால் தைத்தவர் கவனமானவர்; கட்டங்கள் நழுவியிருந்தால் அவசர வேலை. பட்டையைக் குறுக்கே வெட்டுவதானால் வெட்டும் கோட்டின் இருபுறமும் முதலில் தையல் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஊடை நூல் பிரிந்து வந்துவிடும். ரேயான் நூலில் சாயம் கசியக்கூடும் என்பதால் ஊறவைத்துத் துவைக்க வேண்டாம். கென்டே அசாந்தேக்கு மட்டும் உரியது என்பதும் சரியில்லை. குமாசிக்கு அருகே பொன்விரே நெசவூர் என்றால், கிழக்கே எவே மக்களின் அகோடிமே பகுதிக்கும் தனி மரபு உண்டு.

துணியில் அச்சிடும் அடின்க்ரா குறிகளை எழுத்து என்று நினைத்து அதில் பெயர் எழுதப் பார்க்கிறார்கள். அது எழுத்து வரிசை அல்ல. ஒவ்வொரு குறியும் ஒரு கருத்தையோ பழமொழியையோ தாங்குகிறது. 'சான்கோஃபா' என்றால் திரும்பு, போ, எடு. மறந்ததைத் திரும்பிப் போய் எடுத்து வருவதில் இழுக்கில்லை என்பது பழமொழி. ந்தோன்சோ என்ற ஊரில் மரப்பட்டையைக் காய்ச்சிக் கெட்டியாக்கிய மையில், சுரைக்குடுக்கையில் செதுக்கிய அச்சைத் தோய்த்துத் துணியில் ஒற்றுகிறார்கள். கறுப்பும் செம்மண் சிவப்புமான அடின்க்ரா துக்கத் துணி. அழகாக இருக்கிறதே என்று அதைத் திருமணத்துக்கு உடுத்திப் போனால் சங்கடம்தான்.

ஞாயிறன்று வரும் அக்வாசிடே என்ற அரண்மனை விழாவைப் பார்க்க ஏதோ ஒரு ஞாயிறில் போய் ஏமாறாதீர்கள். ஆறு நாள் வாரமும் ஏழு நாள் வாரமும் இணைந்து சுழல்வதால் அது 42 நாளுக்கு ஒருமுறை வருகிறது. இந்தச் சுழற்சியின் பெயரான 'அடாடுவானான்' என்பதற்கு 'நாற்பது நாள்' என்று பொருள். பெயரை நம்பி 40 நாள் கூட்டினால் கணக்கு வெள்ளிக்கிழமையில் போய் நிற்கும்.

குமாசிக்குத் தென்கிழக்கே உள்ள போசும்ச்வே ஏரியை எரிமலை வாய் என்பதும் தவறு. சுமார் 10.7 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி உண்டான, 10.5 கிலோமீட்டர் விட்டமுள்ள பள்ளம் அது.

அசாந்தே நாட்டுக்குப் போனால் இடக்கையால் எதையும் கொடுக்கவோ வாங்கவோ வேண்டாம். இதை நமக்குச் சொல்லத் தேவையில்லை. கூடியிருப்போருக்கு வணக்கம் சொல்லும்போது உங்கள் வலப்புறத்தில் இருப்பவரிலிருந்து தொடங்குங்கள்.

2024-இல் வந்த ஒரு செய்தியையும் பலர் தவறாக எழுதினார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் குமாசிக்கு அனுப்பிய 32 பொருள்கள் மூன்றாண்டுக் கடனாக வந்தவை. 1874-இல் பிரிட்டிஷ் படை குமாசி அரண்மனையைச் சூறையாடி எடுத்தவையும் அவற்றில் உண்டு. 'திருப்பிக் கொடுத்தார்கள்' என்ற சொல், லாஸ் ஏஞ்சலஸின் ஃபௌலர் அருங்காட்சியகம் அதே ஆண்டு நிலையாகவே ஒப்படைத்த ஏழு பொருள்களுக்குத்தான் பொருந்தும்.