தள்ளுபடியான கடனும் அமெரிக்க வருமான வரியும்: வன்னியிலிருந்து சென்று குடியேறுவோருக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பகுதிகளிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்று குடியேறும் குடும்பங்கள், முதல் சில ஆண்டுகளிலேயே கடனட்டைக்கும் வாகனக் கடனுக்கும் மருத்துவமனைக் கட்டணத்துக்கும் இடையில் நெருக்கப்படுவது வழமையாகிவிட்டது. கட்ட முடியாத நிலையில், கடன் கொடுத்த நிறுவனத்துடன் பேசி, ஒரு பகுதியை மட்டும் செலுத்திக் கணக்கை முடித்துக்கொள்பவர்கள் பலர். ஆனால் அங்கே கணக்கு அத்துடன் முடிவதில்லை. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் இலங்கை அரசாங்கம் அறிவித்தபோது, கடன் போய்விட்டது என்பதற்கு மேல் எவரும் எதையும் எண்ணவில்லை. அந்த எண்ணத்துடனேயே செல்பவர்களுக்கு, அடுத்த ஆண்டு தை மாதக் கடைசியில் தபாலில் வரும், தள்ளுபடியான தொகையை அறிவிக்கும் 1099-சி என்ற படிவம் பெரும் கலக்கத்தைக் கொடுக்கிறது.

அமெரிக்கச் சட்டத்தின் நோக்கு இதுதான்: நீங்கள் கடன் வாங்கியபோது அந்தப் பணம் வருமானமாகக் கணிக்கப்படவில்லை, ஏனெனில் அதைத் திருப்பிக் கொடுக்கும் கடப்பாடு உங்களுக்கு இருந்தது. அந்தக் கடப்பாடு நீங்கும்போது, நீங்கிய தொகை உங்கள் வருமானமாகிறது. 9,000 டொலர் கடனட்டை நிலுவையை 3,500 டொலருடன் முடித்துக்கொண்டால், மீதி 5,500 டொலரும் அவ்வாண்டின் வருமானத்துடன் சேரும். தள்ளுபடி 600 டொலர் அல்லது அதற்கு மேல் என்றால், வங்கிகளும் கடன் வழங்கும் நிறுவனங்களும் 1099-சி படிவத்தின் ஒரு பிரதியை உங்களுக்கும் இன்னொன்றை வரித் திணைக்களமான ஐ.ஆர்.எஸ்.ஸுக்கும் அனுப்ப வேண்டும். அதனால் படிவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வரி அறிக்கை அனுப்பினால், இரண்டு பதிவுகளும் பொருந்தாமல் பின்னர் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். தொகை 600 டொலருக்குக் குறைவாக இருந்து படிவமே வராவிட்டாலும், சட்டப்படி அது வருமானந்தான்.

இவ்வளவையும் கேட்டு அஞ்ச வேண்டாம். புதிதாகக் குடியேறியவர்களில் கணிசமானோர் இந்த வரியைக் கட்ட வேண்டியதே இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கடன் தள்ளுபடியாவதற்கு உடனே முன்பிருந்த நிலையில், உங்கள் மொத்தக் கடன்கள் உங்கள் மொத்தச் சொத்துகளின் சந்தைப் பெறுமதியைவிட அதிகமாக இருந்தால், எவ்வளவால் அதிகமாக இருந்தனவோ அந்த அளவு வரையான தள்ளுபடியை வருமானத்திலிருந்து விலக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த விலக்கு தானாக வராது. 982 என்ற படிவத்தில் 1பி கட்டத்தைக் குறித்து, விலக்கும் தொகையை எழுதி, வரி அறிக்கையுடன் இணைத்து அனுப்ப வேண்டும். இதை அறியாமல், 1099-சியில் உள்ள தொகையை அப்படியே வருமானமாகக் காட்டி, இல்லாத வரியைக் கட்டிவிடுவது வேதனையான இழப்பு. வருமானம் கூடியதாகக் காட்டப்படுவதால் மருத்துவக் காப்புறுதிக்குக் கிடைத்த அரச உதவியும் குறையக்கூடும்.

மேலே சொன்ன கடனட்டைக்காரரின் நிலையையே எடுத்துக்கொள்வோம். அவருக்கு 9,000 டொலர் கடனட்டை நிலுவையும், 11,000 டொலர் வாகனக் கடனும், 4,000 டொலர் மருத்துவமனைக் கட்டணமும், பயணச் செலவுக்காக உறவினர்களிடம் வாங்கிய 14,000 டொலரும் உள்ளன என்றால், மொத்தக் கடன் 38,000 டொலர். வாகனம் 8,500, வங்கியில் 1,200, நகையும் வீட்டுப் பொருள்களும் 3,300, ஊரிலுள்ள வயலில் அவருடைய பங்கு 9,000 என்று சொத்துகள் 22,000 டொலர் பெறும். கடன் சொத்தைவிட 16,000 டொலர் கூடுதலாக இருப்பதால், 5,500 டொலர் முழுவதும் விலக்கப்படும். அதே வயலின் பங்கு 22,000 டொலர் பெறுமானால், சொத்து 35,000 ஆகும், வித்தியாசம் 3,000 மட்டுமே. எனவே 3,000 டொலரை விலக்கி, மீதி 2,500 டொலரை வருமானமாகக் காட்ட வேண்டும். அவர் 12 வீத வரிப் படியில் இருந்தால், அதற்கான மத்திய வரி 300 டொலர்.

ஊர்க் காணி எவ்வளவு முக்கியமானது என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். அமெரிக்காவில் உள்ள பொருள்களை மட்டும் எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. உலகில் எங்கிருந்தாலும் உங்கள் பெயரில் உள்ள சொத்து எல்லாம் பட்டியலில் இடம்பெற வேண்டும்: வயல், தென்னங்காணி, வீடு, உழவு இயந்திரம், இலங்கை வங்கிச் சேமிப்பு, ஊழியர் சேமலாப நிதி, நகை, எதுவும் விடுபடக் கூடாது. காணியை மறைத்து விலக்குக் கேட்பது பொய்யான அறிக்கையாகும். அதற்கு எவர் ஆலோசனை சொன்னாலும் கேட்காதீர்கள்.

மறைக்கக் கூடாது என்பதற்காகக் கூட்டி மதிப்பிடவும் தேவையில்லை. சந்தைப் பெறுமதி என்பது, எல்லா விவரங்களையும் அறிந்த ஒருவர், கட்டாயம் எதுவுமின்றி வாங்க முன்வரும் விலை. வன்னியில் காணிகள் ஒரே வகையானவை அல்ல. உறுதிக் காணிக்கு ஒரு விலை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியை விரும்பியபடி விற்க முடியாது என்பதால், பக்கத்து உறுதிக் காணியின் விலையை அதற்குப் போடுவது சரியல்ல. உரிமை உங்களுடையதாக இருந்தும் இராணுவம் இன்னும் விடாத காணிக்கு, அந்த நிலையை அறிந்து வாங்குபவர் என்ன கொடுப்பார் என்பதே கேள்வி. அண்ணன் தம்பிகளுடன் பிரிக்கப்படாமல் கிடக்கும் காணியில் உங்கள் பங்கை மட்டும் எழுதுங்கள். மனைவியின் பெயரில் சீதனமாக எழுதப்பட்டது மனைவியின் சொத்து. கணவன் பெயரில் மட்டும் இருந்த கடன் தள்ளுபடியானால் கணவனுடைய நிலையே கணக்கிடப்படும். ஆயினும் கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் தம்பதியரின் பொதுச் சொத்துக்கு வேறு விதி உள்ளதால், அங்கு வாழ்பவர்கள் தனியாக ஆலோசனை பெற வேண்டும்.

இதற்கு ஊரிலுள்ளவர்களின் உதவி வேண்டும். கிளிநொச்சியிலிருந்து இத்தகைய பத்திரங்களைப் பலருக்கு எடுத்து அனுப்பி வருவதால் சொல்கிறேன்: கடன் முடிவடைந்த திகதியைக் குறிப்பிட்டு, அன்றைய நிலைக்கே எழுத்தில் கேளுங்கள். காணி மதிப்பீட்டாளரின் கடிதத்தில் காணியின் வகையும் விற்பனைத் தடையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். 2009 இடப்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால், பதிவு செய்யப்பட்ட உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் பெறலாம். ரூபாய்த் தொகைகளை அதே திகதியின் நாணய மாற்று விகிதத்தில் டொலராக்குங்கள்.

கடன் பக்கத்திலும் ஊர்க் கடன்கள் சேரும். அடகு வைத்த நகையை முழுப் பெறுமதியுடன் சொத்தில் எழுதி, அடகுக் கடனையும் வட்டியையும் கடனில் எழுதுங்கள். பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள். மாமாவிடமும் அக்காவிடமும் வாய்ச்சொல்லில் வாங்கிய பயணக் கடன்தான் பெரும்பாலும் பட்டியலிலேயே பெரியது, ஆதாரம் குறைந்ததும் அதுவே. பணம் அனுப்பிய பதிவு, கொடுத்தவரின் சத்தியக்கடதாசி, இதுவரை திருப்பிக் கொடுத்ததற்கான சீட்டு ஆகியவை கையில் இருந்தால் அந்தக் கடனை நியாயமாகக் காட்டலாம். அந்த உறவினர் பின்னர் அன்பின் பேரில் கடனை விட்டுவிட்டால், அது நன்கொடை, உங்களுக்கு வருமானமாகாது. ஆனால் அமெரிக்காவில் வரிக்கான வதிவாளராக நீங்கள் ஆன பிறகு இலங்கை வங்கியொன்று உங்கள் கடனைத் தள்ளுபடி செய்தால், அதுவும் உலக வருமானத்தில் சேர்த்துப் பார்க்கப்படும்.

கடனைப் பாதியாக்கித் தருகிறோம் என்று தொலைபேசியில் அழைக்கும் நிறுவனங்களிடம் விழிப்பாக இருங்கள். தொலைபேசி வழியே இச்சேவையை விற்பவர்கள், ஒரு கடனையாவது தீர்த்துக் கொடுக்கும் முன்பு கட்டணம் வாங்குவதை 2010 முதல் மத்திய விதி தடைசெய்கிறது. அவர்களுக்குக் கொடுக்கும் கட்டணம் 1099-சியில் வரும் தொகையைக் குறைக்காது என்பதை அவர்கள் சொல்வதும் அரிது. நீங்களே பேசினாலும், கணக்கு முழுமையாகத் தீர்ந்தது என்ற கடிதம் கைக்கு வரும் முன்பு பணம் அனுப்ப வேண்டாம்.

படிவம் வந்ததும் முதலாம் கட்டத்தில் திகதியையும் இரண்டாம் கட்டத்தில் தொகையையும் உங்கள் கடிதத்துடன் ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் திருத்தம் கேட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். இலவசமாக வரி அறிக்கை நிரப்பும் ‘வீட்டா’ (VITA) நிலையங்கள் 982 படிவம் தேவைப்படும் அறிக்கைகளை ஏற்காமல் விடலாம் என்பதால், போகும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஐ.ஆர்.எஸ்.ஸிலிருந்து கடிதம் வந்துவிட்டால், குறைந்த வருமானம் உடையோருக்கான வரி உதவி மையங்கள் இலவசமாகவோ சிறு கட்டணத்துடனோ உங்கள் சார்பில் வாதாடும். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு உரிமைகளை விளக்குவதும் அவற்றின் பணி. முன்னைய ஆண்டுகளில் தேவையின்றி வரி கட்டியிருந்தால், அறிக்கை அனுப்பிய நாளிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள், முன்பு அனுப்பிய அறிக்கையைத் திருத்துவதற்கான 1040-எக்ஸ் படிவத்துடன் 982ஐ இணைத்து அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மாநில வருமான வரி உள்ள இடங்களில் அதற்கும் தனியாகத் திருத்தம் அனுப்ப வேண்டும்.