அறுபது வயதுக்கு மேல் டிராம்போலின் பார்க்: ஏறுவது, துள்ளுவது, முக்கியமாக நிற்பது

டிராம்போலின் பார்க் என்றால் என்னவென்று நான் விளக்கப் போவதில்லை. பேரப்பிள்ளை இருக்கிற எல்லாருக்கும் தெரியும். பெரிய ஷெட், தரை முழுக்கத் துள்ளும் வலை, காதைப் பிளக்கும் பாட்டு. பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, செருப்பையும் பையையும் பார்த்துக்கொண்டு நாம் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். அந்தப் பெஞ்சை விட்டு எழுந்து உள்ளே போக ஆசைப்படுகிறவர்களுக்காக இது. நான் ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிக்காரி, ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சென்னையில் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பேத்தியோடு போய்ப் பழகினேன். வீடியோக்களில் இருபது வயதுப் பையன்கள் குட்டிக்கரணம் போடுவார்கள். நமக்கு வேண்டியது அதில் ஒன்றும் இல்லை.

"நடந்தா போதாதா மதினி, இதுல போய் ஏறணுமா?" என்று வீட்டிலேயே கேட்டார்கள். நடப்பது நல்லதுதான். ஆனால் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் 3 நாளாவது உடல் சமநிலைக்கும் தசை பலத்துக்கும் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தார்ச்சாலையில் நடக்கும்போது சமநிலைக்கு அவ்வளவாக வேலை இல்லை. வலைமேல் சும்மா நின்றாலே கணுக்காலும் இடுப்பும் ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்கும். எங்கள் பக்கம் பாம்பன் சின்னப்பாலத்தில் பெண்கள் வயதான பிறகும் பாசி எடுக்கக் கடலில் முங்குகிறார்கள். அவர்களுக்கு இந்தக் குறிப்பு தேவையே இல்லை. சாக்பீஸ் பிடித்தே காலத்தை ஓட்டிய என்னைப் போன்றவர்களுக்குத்தான் தேவை.

நாசா ஆய்வைக் காட்டி டிராம்போலின் விற்பவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். 1980-இல் வந்த ஆய்வு அது. ஓடும்போது கணுக்காலில் விழும் அதிர்வு, முதுகிலும் தலையிலும் விழுவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். டிராம்போலினில் அந்த அதிர்வு உடம்பெங்கும் ஏறக்குறைய சமமாகப் பரவுகிறது என்று கண்டார்கள். நல்ல செய்திதான். ஆனால் அதில் துள்ளியவர்கள் 19 முதல் 26 வயது வரையான 8 இளைஞர்கள். நம் முழங்காலைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அதனால் முதல் வேலை மருத்துவரிடம்.

போகும் முன்பு

எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், தலைசுற்றல் வருகிறவர்கள், கண் அறுவை சிகிச்சை செய்து அதிக நாள் ஆகாதவர்கள், மூட்டு மாற்றியவர்கள், கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறவே கூடாது. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு என் கருத்து: வேண்டாம். வலை எங்கே முடிகிறது, மெத்தை எங்கே தொடங்குகிறது என்று பாதம்தான் நமக்குச் சொல்ல வேண்டும்.

ஊரில் இருக்கும்போதே கொஞ்சம் தயார்செய்துகொள்ளுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் விரல் படும்படி ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலைத் தூக்கி இறக்குவது. அப்புறம் அரியமான் கடற்கரையில் வெறுங்காலோடு நடை. அலை நனைத்து இறுகிய மணலில் வேண்டாம், கால் புதையும் மணலில். பத்து நிமிடத்திலேயே கெண்டைக்கால் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ராமேஸ்வரம் ரயிலில் இரவு முழுக்கப் பயணம் செய்து இறங்கிய அன்றே பார்க்குக்குப் போகாதீர்கள். தூக்கமும் இருக்காது, காலும் வீங்கியிருக்கும். ஒரு நாள் விட்டுப் போங்கள். வார நாளில், பள்ளிக்கூடம் நடக்கும் நேரத்தில் போனால் இடம் காலியாக இருக்கும். முன்கூட்டியே போன் செய்து, பள்ளிகளோ பிறந்தநாள் கூட்டமோ அன்றைக்குப் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

உடுப்பும் உறையும்

சேலை கட்டிக்கொண்டு கூடாது. பேன்ட்டோடு சுடிதார், துப்பட்டா இல்லாமல். ஆண்களுக்கு டிராக் பேன்ட். வளையல், மோதிரம், கம்மல் எல்லாம் வீட்டிலேயே. தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதை உள்ளே விட்டு, இரண்டு ஊக்கு போட்டுக் குத்திக்கொள்ளுங்கள். ஒரு ஊக்கு போதாது. கண்ணாடிக்குப் பின்னால் கட்டும் கயிறு கட்டாயம். கழற்றி மாட்டும் பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

அடிப்பக்கம் ரப்பர் புள்ளி வைத்த காலுறை இல்லாமல் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். கவுன்டரில் விற்பதையே வாங்குங்கள், ஆனால் அளவில் விட்டுக்கொடுக்காதீர்கள். பெரிய அளவு கொடுத்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். தொளதொளவென்று இருக்கும் உறை பாதத்துக்கு அடியில் சுருண்டுகொள்ளும், வழுக்கும் உறையைவிட அது ஆபத்து.

இன்னொன்று. பெண்கள் வெளியே சொல்லாத விஷயம், நான் சொல்லிவிடுகிறேன். துள்ளும்போது சிறுநீர் கசியும். பிள்ளை பெற்றவர்களில் நிறையப் பேருக்கு இது உண்டு. ஏறுமுன் கழிவறைக்குப் போய்விட்டு வாருங்கள், பேட் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் அதிகமாக இருந்தால் துள்ளலை நிறுத்திவிட்டு பெண்கள் நல மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்பு அடித்தளத் தசைக்குத் தனிப் பயிற்சி இருக்கிறது.

வலைமேல்

ஓரத்து மெத்தையில் உட்கார்ந்து, காலை வலைமேல் வைத்து, அப்புறம் எழுந்து நடுவுக்கு நடங்கள். கால்களை இடுப்பகலத்துக்கு விரித்துக்கொள்ளுங்கள். பார்வை காலில் இருக்கக் கூடாது, எதிர்ச்சுவரில் ஏதாவது ஒரு புள்ளியில் இருக்க வேண்டும். முழங்காலை லேசாக மடக்கி, வலையை அமுக்கிவிட்டு விடுங்கள். பாதம் வலையை விட்டு எழும்பவே வேண்டாம். பக்கத்தில் பிள்ளைகள் ஆளுயரம் போவார்கள், நாம் அங்கேயே நின்று குலுங்கிக்கொண்டிருப்போம். பரவாயில்லை. மூச்சும் வாங்கும், வியர்வையும் வரும். கடைசிவரை இதிலேயே இருந்தாலும் காசுக்கு மோசமில்லை.

நிற்பது

இங்கேதான் எனக்கு நிறைய நேரம் பிடித்தது. ஏனென்றால் துள்ளுவது எப்படி என்று எல்லாரும் சொல்வார்கள், நிற்பது எப்படி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். துள்ளுவதை நிறுத்த நினைத்தால் நமக்கு இயல்பாக வருவது உடம்பை விறைத்துக்கொள்வது. முழங்கால் நேராகிவிடும். வலைக்கு அதுதான் வேண்டும். கீழே போன வலை திரும்பி மேலே வரும்போது விறைத்த கால் அந்த விசையை அப்படியே வாங்கி நம்மைத் தூக்கிவிடும். நிற்க நினைக்க நினைக்க உயரம் கூடும். பயத்தில் இன்னும் விறைப்போம். முழங்காலும் முதுகும் அடிபடுவது இப்படித்தான்.

செய்ய வேண்டியது நேர்மாறு. பாதம் வலையைத் தொட்ட கணமே முழங்காலையும் இடுப்பையும் சேர்த்து மடக்கி, நாற்காலியில் உட்காரப்போவதுபோல் தாழ வேண்டும். கைகளை முன்னால் நீட்டுங்கள். வலை மேலே வரும், நாம் மேலே வரமாட்டோம். பாம்பனில் வல்லம் என்கிற நாட்டுப்படகில் நின்றுகொண்டே போகிறவர்களைக் கவனித்தால் இது சட்டென்று புரியும். அலை பலகையைத் தூக்கும்போது அவர்கள் முழங்கால் தானாக மடங்கிக்கொடுக்கும், தலை இருந்த உயரத்திலேயே இருக்கும். டிராம்போலினை முறையாகக் கற்றுக்கொடுக்கும் இடங்களில் ஆரம்பப் பாடத்திலேயே இது வந்துவிடும்.

அதனால் உள்ளே போனதும் துள்ளிப் பார்க்காமல், நின்று பாருங்கள். இரண்டு சின்ன அமுக்கு, உடனே நிற்பது. மறுபடி இரண்டு, நிற்பது. கூட வந்தவர் 'நில்லுங்கள்' என்றால் அதே துள்ளலில் நிற்க வரும்வரை பாதத்தை வலையிலிருந்து எடுக்காதீர்கள். நிற்க வந்தபின் ஒரு சாண் உயரம் எழும்பலாம். அதற்குமேல் நான் போவதில்லை, போகச் சொல்லவும் மாட்டேன்.

இரண்டு நிமிடம் துள்ளினால் இரண்டு நிமிடம் ஓரத்தில் உட்காருங்கள். துள்ளிக்கொண்டே ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும், முடியாவிட்டால் அதிகம். ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டியிருக்கிறோமே என்று கணக்குப் பார்க்காதீர்கள். முதல் நாள் மொத்தம் பத்து நிமிடத் துள்ளலே தாராளம்.

இறங்கும்போது கவனம். துள்ளும் வலைக்குப் பழகிய கால், கெட்டித் தரையில் கல்லைக் கட்டியதுபோல் கனக்கும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தலையும் கிறுகிறுக்கலாம். மெத்தையில் உட்கார்ந்து நிதானமானபின், எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். உடனே படியில் இறங்காதீர்கள்.

பேரப்பிள்ளையோடு ஒரே வலையில் கூடாது

"பாட்டி, நீங்க குதிச்சு என்னைத் தூக்கி விடுங்க" என்று கேட்பார்கள். முடியாது என்று சொல்லுங்கள். எடை கூடியவர் அமுக்கிய வலையின் விசை, எடை குறைந்தவர் காலுக்குப் போய்ச் சேரும். பிள்ளை எதிர்பாராத உயரத்துக்குப் போகும், அல்லது கால் நேராக இருக்கும் நேரத்தில் வலை மேலே வந்து மோதும். டிராம்போலின் காயங்களில் ஏறக்குறைய முக்கால்வாசி, ஒரே வலையில் பலர் துள்ளும்போது நடப்பவை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. அடி அதிகம் படுவது சின்னவர்களுக்குத்தான். அடுத்தடுத்த வலையில் துள்ளுங்கள், அதுவே போதுமான கூத்து.

நுரைக்கட்டிகள் நிரப்பிய குழி ஒன்று இருக்கும். அதில் விழுவது சுகம், வெளியே வருவது பெரும்பாடு. கையை ஊன்ற ஒரு கெட்டியான இடம் இருக்காது. நான் இறங்குவதில்லை.

பின்சேர்க்கை

கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி, புர்காவோடு துள்ளலாமா என்று கேட்டிருந்தார். நீளமான கீழ்விளிம்பு பாதத்தில் சிக்கும், அதனால் வேண்டாம். முழங்கால் வரை வரும் தளர்வான மேலுடுப்பு, கணுக்காலில் எலாஸ்டிக் வைத்த பேன்ட், தலைக்கு ஊக்கு தேவைப்படாத தொப்பி மாதிரியான உள்ளுறை. பெண்களுக்கென்று தனி நேரம் உண்டா என்று பார்க்கிலேயே கேட்டுப் பாருங்கள்.

மண்டபத்திலிருந்து ஒருவர், வீட்டில் வைக்கிற சின்ன டிராம்போலின் வாங்கலாமா என்றார். வாங்கலாம். கைப்பிடிக் கம்பி உள்ளதாகப் பாருங்கள். எவ்வளவு எடை தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள், உங்கள் எடையைவிட நிறையக் கூடுதலாக இருக்கட்டும். நம் பக்கத்துக்கு இரும்பு ஸ்பிரிங் வைத்ததை வாங்காதீர்கள். மாடு முட்டினால் உதிரும் ஜன்னல் கம்பியை வைத்திருக்கிற ஊர் நம்முடையது, உப்புக்காற்று ஸ்பிரிங்கை விடுமா? எலாஸ்டிக் கயிறு கட்டியது விலை கூட, ஆனால் துள்ளலும் மென்மை, சத்தமும் இல்லை. சட்டம் எப்படியும் இரும்புதான். கடல் பார்த்த வராந்தாவில் போடாமல் உள்ளறையில் போடுங்கள், கால்களுக்கு அடியில் ரப்பர் குமிழ் இருக்கட்டும். மாதம் ஒருமுறை வெள்ளைத் துணியால் பற்றவைத்த மூட்டுகளைத் துடைத்துப் பாருங்கள். செம்பழுப்பு ஒட்டினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடியுங்கள். கயிற்றில் நூல் பிரிந்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றாமல் முழு செட்டையும் மாற்றுங்கள், இல்லையென்றால் வலை ஒரு பக்கம் சாயும்.