மாரத்தான் ஓடிய வாரத்தில் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, 42 கிலோமீட்டரை ஓடி முடித்து, பதக்கத்தோடு படம் எடுத்துப் போட்ட மூணாவது நாலாவது நாளில் தொண்டை கரகரக்க ஆரம்பிக்கும். நீண்ட தூரம் ஓடுகிற பலருக்கு இது பழக்கமான விஷயம். 1982இல் கேப் டவுனில் 56 கிலோமீட்டர் டூ ஓஷன்ஸ் ஓட்டத்தில் கலந்துகொண்டவர்களை அடுத்த இரண்டு வாரம் கவனித்தபோது, மூன்றில் ஒருவருக்குச் சளி, தொண்டைவலி என்று ஏதோ ஒன்று வந்திருந்தது. அவர்களோடு அதே வீட்டில் இருந்து, ஓடாதவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்குத்தான் வந்தது.

காரணம் என்ன? ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கடுமையாக ஓடினால் உடம்புக்கு அழுத்தம் வரும்போது சுரக்கும் ஹார்மோன்களான அட்ரினலினும் கார்டிசோலும் எகிறும். ஓட்டம் முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் லிம்போசைட் என்ற, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, ஓடுவதற்கு முன் இருந்ததைவிடக் கீழே இறங்கிவிடும். எதிர்ப்புச் சக்தியே விழுந்துவிடுகிறது, கிருமிக்கு ஜன்னல் திறந்துவிடுகிறது என்றுதான் ரொம்ப காலம் சொன்னார்கள். இப்போது பல ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. அந்த செல்கள் சாகவில்லை, நுரையீரலுக்கும் குடலுக்கும் இடம் மாறியிருக்கின்றன, ஒரு நாளுக்குள் திரும்பிவிடும் என்கிறார்கள். வாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் தூக்கக் குறைவு, பட்டினி, கூட்டம், பயணம் இவை ஆபத்து என்பதில் இரண்டு தரப்புக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை, நம் கையில் இருப்பதும் இவைதான்.

முதலில் தூக்கம், என்னைக் கேட்டால் இதற்குப் பிறகுதான் மற்ற எல்லாமே. 2015இல் வெளியான ஓர் ஆய்வில் ஆட்களின் மூக்கில் சளி வைரஸையே சொட்டுவிட்டுப் பார்த்தார்கள். 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நாலு மடங்குக்கு மேல் சளி பிடிக்கும் வாய்ப்பு இருந்தது. போட்டிக்கு முந்தைய இரவு பதற்றத்தில் தூக்கம் வராது, அது பரவாயில்லை, அதற்கு முந்தைய ஒரு வாரத்தைச் சரியாகத் தூங்குங்கள், ஓடி முடித்த அன்றும் மறுநாளும் கட்டாயம் தூங்குங்கள். கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தையும் குறைத்துவிட வேண்டும், விட்டுப்போன பயிற்சியை அப்போது ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

அப்புறம் சாப்பாடு. வெறும் வயிற்றில் 30 கிலோமீட்டர் ஓடுவதை வீரமாக நினைக்காதீர்கள். ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போனால் சர்க்கரை இறங்காது, கார்டிசோலும் அவ்வளவு ஏறாது. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது, கூடவே கொஞ்சம் பேரீச்சம்பழமோ சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீரோ போதும். முடித்த ஒரு மணி நேரத்துக்குள் சோறு, பருப்பு, முட்டை என்று வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிடுங்கள். வைட்டமின் சி மாத்திரை சாதாரண ஆட்களுக்குச் சளியைத் தடுப்பதில்லை, ஆனால் மாரத்தான் ஓடுகிறவர்கள் போன்றோரிடம் செய்த சில சோதனைகளில் சளி பாதியாகக் குறைந்தது. எனக்குக் கொய்யாவும் நெல்லிக்காயுமே போதும் என்று படுகிறது. ஓடுவதற்கு முன் வலி மாத்திரை போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள், தண்ணீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்துக்குக் கெடுதல்.

ஓடி முடித்த முதல் மூன்று நாள் கூட்டத்தைத் தவிருங்கள். மற்றவர் பாட்டிலில் குடிக்காதீர்கள், கை கழுவாமல் முகத்தைத் தொடாதீர்கள், ஊர் திரும்பும் ரயிலிலோ பஸ்ஸிலோ மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வந்துவிட்டால்? மூக்கடைப்பு, தும்மல் என்று கழுத்துக்கு மேலே மட்டும் இருந்தால் மெதுவாக நடக்கலாம். காய்ச்சல், உடம்புவலி, நெஞ்சுச் சளி இருந்தால் ஓடவே கூடாது. வைரஸ் இதயத் தசையைத் தாக்கியிருக்கும் நேரத்தில் கடுமையாக ஓடினால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் முழுசாக விட்டு, சில நாள் கழித்து, முதலில் நடை, பிறகு மெதுவான ஓட்டம். அந்த நேரத்தில் நெஞ்சுவலி, படபடப்பு, வழக்கத்துக்கு மீறிய மூச்சுவாங்கல் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் போய் ஈசிஜி எடுத்துப் பாருங்கள்.