நெல் இலை மூட்டில் தாவர ஸ்டீராய்டின் வேலையைப் பார்ப்பது எப்படி?

தாவரங்களுக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன் உண்டு. பெயர் பிராசினோஸ்டீராய்டு. 1979இல் அமெரிக்க விஞ்ஞானிகள், தேனீக்கள் சேர்த்த சுமார் 227 கிலோ மகரந்தத்திலிருந்து இந்த வகையைச் சேர்ந்த பிராசினோலைடு என்ற பொருளை வெறும் 4 மில்லிகிராம் பிரித்தெடுத்தார்கள். இத்தனை நுண்ணிய அளவில் வேலை செய்யும் பொருளின் விளைவை அளக்க ஒரு கோணமானி போதும் என்பதுதான் இந்த இலைச்சாய்வுச் சோதனையின் அழகு.

நம் உடலின் ஸ்டீராய்டுகள் பெரும்பாலும் செல்லுக்குள் போய்த் தங்கள் ஏற்பியை (ஹார்மோனை உணரும் புரதத்தை) பிடிக்கும். தாவரத்தில் ஏற்பி செல்லின் மேல்சவ்விலேயே இருக்கிறது, பெயர் பிஆர்ஐ1. ஹார்மோன் இல்லாதபோது பின்2 என்ற நொதி, பிஇசட்ஆர்1 என்ற புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டி அதை முடக்கி வைக்கும். ஹார்மோன் வந்து ஏற்பியைத் தொட்டதும் பின்2 அடங்கும். பிஇசட்ஆர்1 உட்கருவுக்குள் சேர்ந்து, செல் நீளத் தேவையான மரபணுக்களை இயக்கும். நெல்லில் இலைத்தாளும், தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறையும் சேரும் மூட்டின் மேல்பக்கச் செல்கள் இப்படி நீள்வதால் இலை வெளிப்புறமாகச் சாய்கிறது. இந்த ஏற்பி பழுதான, டி61 என்ற திரிபு நெல் குட்டையாக, இலைகள் விறைத்து நிற்கும்.

கரைசல்

1 மி.கி. 24-எபிபிராசினோலைடை (பிராசினோலைடின் நெருங்கிய வடிவம்) 2 மி.லி. எத்தனாலில் கரையுங்கள். இதுதான் மூலக்கரைசல், ஏறக்குறைய 1 மில்லிமோலார். பயன்படுத்தியது போக மீதியை –20°செ.யில் வையுங்கள்.

அடுத்து 500 மி.லி. வடிநீரில் 0.5 மி.லி. எத்தனால் கலந்து 'ஒப்பீட்டு நீர்' தயாரியுங்கள். மூலக்கரைசலில் 0.1 மி.லி. எடுத்து 100 மி.லி. வெறும் வடிநீரில் விட்டால் 1 மைக்ரோமோலார். அதில் 10 மி.லி.யுடன் 90 மி.லி. ஒப்பீட்டு நீர் சேர்த்தால் 0.1, அதேபோல் இன்னொரு முறை செய்தால் 0.01. இரண்டாம் கட்டத்தில் வெறும் நீரை ஊற்றிவிட்டால் ஒவ்வொரு கிண்ணத்திலும் எத்தனால் அளவு மாறும். பிறகு சாய்வுக்குக் காரணம் ஹார்மோனா எத்தனாலா என்று சொல்ல முடியாது.

நாற்று

ஒரே ரக நெல்லை ஊறவைத்து முளைகட்டி, 28–30°செ.யில் முழு இருட்டில் 7–8 நாள் வளருங்கள். இரண்டாம் இலையின் மூட்டைத் தேடுங்கள். இலைத்தாளில் 1 செ.மீ., இலையுறையில் 1 செ.மீ. விட்டு, கூர்மையான பிளேடால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். மூட்டு நசுங்கினால் அந்தத் துண்டை எறிந்துவிடுங்கள். மூன்றாம் இலை கலந்துவிடாமல் பாருங்கள்: மூட்டின் வயதுக்கேற்பச் சாய்வு மாறும். பலருக்கும் கணக்கு குழம்புவது இங்கேதான்.

துண்டுகளை 24 மணி நேரம் வடிநீரில் மிதக்கவிட்டு, ஒரே அளவு சாய்ந்தவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

சோதனை

கிண்ணத்துக்குப் பத்துத் துண்டு வீதம் நான்கு கிண்ணங்கள்: ஒப்பீட்டு நீர், 0.01, 0.1, 1. இருட்டில், 30°செ.யில் 48 மணி நேரம். பிறகு துண்டுகளைக் கறுப்புத் தாளில் கிடத்தி, நேர்மேலிருந்து படமெடுத்துச் சாய்வுக் கோணத்தை அளங்கள். நேராக இருந்தால் 0° என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பீட்டு நீரிலும் ஓரளவு சாய்வு இருக்கும். அளவு கூடக் கூடச் சாய்வும் கூட வேண்டும். எல்லாம் ஒன்றுபோல இருந்தால் முதலில் வெப்பநிலையையும் மூலக்கரைசலின் பழமையையும் சந்தேகியுங்கள். ஆக்சின் என்ற இன்னொரு தாவர ஹார்மோனும் அதிக அளவில் இதே சாய்வைத் தரும். எனவே பெயர் தெரியாத பாட்டில் மருந்தை இப்படிச் சோதித்து "இதில் பிராசினோஸ்டீராய்டு இருக்கிறது" என்று முடிவு கட்டக் கூடாது.

உப்புத் தாங்கும் திறன்

இதே ஹார்மோன் நெல்லின் உப்புத் தாங்கும் திறனைக் கூட்டுகிறதா என்றும் பார்க்கலாம். நெல் விதைகளில் பாதியை 0.01 மைக்ரோமோலார் கரைசலிலும், பாதியை ஒப்பீட்டு நீரிலும் 12 மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். ஒவ்வொன்றிலும் பாதியை வெறும் நீரிலும், மீதியை லிட்டருக்கு 5.84 கிராம் சமையல் உப்பு (100 மில்லிமோலார்) கரைத்த நீரிலும் முளைக்கவிட்டு, 7ஆம் நாள் வேரை அளங்கள். நான்கு பிரிவும் அவசியம். வெறும் நீரிலும் ஹார்மோன் வேர் அதே விகிதத்தில் நீண்டிருந்தால் நீங்கள் பார்ப்பது பொதுவான வளர்ச்சி. உப்புநீரில் வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் தாங்கும் திறன் என்று பேசலாம். கேட்டலேஸ், பெராக்சிடேஸ் போன்ற நொதிகள் கூடி வினைமிகு ஆக்சிஜனால் செல்லுக்கு வரும் சேதத்தைக் குறைப்பது அதற்கு ஒரு காரணம்.

ஹார்மோன் வேர்கள் ஒப்பீட்டு வேர்களைவிடக் கட்டையாக, முறுக்கிக்கொண்டு வந்தால் அளவு மிஞ்சிவிட்டது. வேர் தண்டைவிட வெகு குறைந்த அளவிலேயே தடைபடும். 0.001க்கு இறங்கி மறுபடி செய்யுங்கள்.